கைத்துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

.32 கைத்துப்பாக்கிக்கு (குழாயின் துளை அளவு, அங்குலத்தில்) லைசென்ஸ் வைத்திருப்பவன், வார இறுதியில் ரைஃபிள் கிளப்பில் பிஸ்டல் சுடுபவன் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை, கேஸ் இருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: சார், கோவையில் நகை வியாபாரம் செய்கிறேன். க்ளாக் 9 எம்எம் வாங்க ஆசை. எவ்வளவு ஆகும்?

பதில்: 9 எம்எம்மை மறந்துவிடுங்கள். ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா போடக்கூடிய கைத்துப்பாக்கிகள் எல்லாம் நம் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட ரகம், கடைக்காரர்கள் 'பிபி' (prohibited bore) என்பார்கள். 9 எம்எம், .45, .455 எல்லாம் அதில் வரும். அதற்கு டெல்லியில் உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும், உயிருக்குப் பெரிய மிரட்டல் இருக்கிறவர்களுக்கே கிடைப்பது கஷ்டம். நமக்கு மிஞ்சுவது 'என்பிபி', அதாவது தடை இல்லாத ரகம். நடைமுறையில் .32 ரிவால்வர் (தோட்டா அறைகள் உள்ள சிலிண்டர் சுழலும் வகை), .32 பிஸ்டல் (பிடிக்குள் தோட்டா மேகசின் போடும் வகை), கொஞ்சம் .22, அவ்வளவுதான். ஒரு விஷயம் கவனியுங்கள்: இரண்டையும் .32 என்றுதான் சொல்வார்கள், ஆனால் ரிவால்வர் தோட்டா வேறு, பிஸ்டல் தோட்டா வேறு. முன்னதற்கு விளிம்பு வைத்த நீளமான தோட்டா, பின்னதற்குக் குட்டை. லைசென்ஸில் எது எழுதியிருக்கிறதோ அதைத்தான் வாங்க முடியும்.

வெளிநாட்டுத் துப்பாக்கி என்றால், 1980களிலேயே சாதாரண ஆட்களுக்கு இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் வந்த பழைய வெப்ளி, வால்தர்தான் கைமாறிக் கைமாறி ஓடுகிறது, விலை லட்சக்கணக்கில். பெயருக்காகக் கொடுக்கும் காசு அது, என்னைக் கேட்டால் வேண்டாம்.

கேள்வி: அண்ணே, ரிவால்வரா பிஸ்டலா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பதில்: ரிவால்வர். ஆனால் காரணம் தெரியாமல் வாங்காதீர்கள் தம்பி. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைத்து வைக்கிற ஆள்தான் நம்மில் அதிகம். அவருக்கு ரிவால்வர் சரி. தோட்டா வெடிக்கவில்லையா, மறுபடி ட்ரிகரை இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டலில் பின்னால் இழுத்து விடும் ஸ்லைடு, சேஃப்டி பூட்டு, மேகசின் என்று பதற்றத்தில் மறந்துபோகிற சமாச்சாரங்கள் நிறைய, தோட்டா மாட்டிக்கொண்டால் எடுத்துவிடப் பழகியிருக்க வேண்டும். தொடர்ந்து பயிற்சி எடுப்பவர் என்றால் பிஸ்டல் தட்டையாக இருக்கும், இடுப்பில் உறுத்தாது.

மாடல் என்று பார்த்தால் கான்பூர் அரசு ஆலையின் பழைய .32 ரிவால்வர், நடுவில் மடக்கித் திறக்கும் வெப்ளி பாணி. 2014-ல் பெண்களுக்கு என்று சொல்லி விட்ட நிர்பீக் சுமார் அரைக் கிலோ, டைட்டானியம் கலவை. கனம் குறைந்தால் சுமக்கச் சுகம், சுடும்போது அதிகமாக உதைக்கும், இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். 2023-ல் வந்த பிரபல், சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும் வகை. உத்தரப் பிரதேசம் சண்டிலாவில் வெப்ளி பெயரிலேயே .32 ரிவால்வர் செய்கிறார்கள். பிஸ்டல் என்றால் மேற்கு வங்கம் இஷாபூர் அரசு ஆலையின் அசனி.

கடையில் காலித் துப்பாக்கியை நீங்களே திறந்து பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சுவரைக் குறிபார்த்து ட்ரிகரை மெதுவாக முழுக்க இழுங்கள். டபுள் ஆக்ஷனில் (ட்ரிகரை இழுத்தாலே சுத்தியல் பின்னால் போய் விழும் முறை) இழுவை கனமாக இருக்கும். முன் குறி எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். விரல் நுனிச் சதை ட்ரிகரில் நன்றாக உட்காராமல் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால், அந்தத் துப்பாக்கி உங்கள் கைக்கு இல்லை. என் அளவுகோல் இது ஒன்றுதான், விளம்பரத்தில் போடும் தூரக் கணக்கெல்லாம் வீட்டுக்குள் பிரயோஜனப்படாது.

கேள்வி: பழைய .32 ரிவால்வர் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்க?

பதில்: முதலில் காலியா என்று பாருங்கள், அப்புறம் பேரலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். சுருள் கோடுகள் கூர்மையாகத் தெரிய வேண்டும், அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் இருந்தால் துரு தின்றிருக்கிறது. ஹாமரை (பின்னாலுள்ள சுத்தியலை) மெதுவாகப் பின்னால் இழுத்து நிறுத்தி, சிலிண்டரை விரலால் ஆட்டுங்கள். துளி அசைவு பரவாயில்லை, கடகடவென்று ஆடினால் தோட்டாவும் பேரலும் நேருக்கு நேர் நிற்காது, சுடும்போது ஈயம் பக்கவாட்டில் தெறிக்கும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். மடக்கும் வகையில் மேல் கொக்கி தளர்ந்திருந்தால் வாங்கவே வேண்டாம். ஸ்க்ரூ தலை சிதைந்திருந்தால் யாரோ வீட்டில் கழற்றி விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பொருளில் உள்ள எண்ணும் விற்பவரின் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்காமல் கைமாற்றக் கூடாது, டீலர் மூலமாகவே செய்யுங்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம். 'நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, வாங்கலாமா' என்று தனியாகக் கேட்டவருக்கும் இதுவேதான் பதில்.

கேள்வி: லைசென்ஸுக்கு மனு போட என்ன எழுத வேண்டும்? புரோக்கர் ஒருவர் முடித்துத் தருகிறேன் என்கிறார்.

பதில்: புரோக்கரை விடுங்கள். 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஃபார்ம் ஏ-1 மனு, துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான எஸ்-1 சான்று, அப்புறம் போலீஸ் விசாரணை. சென்னையில் கமிஷனர், மாவட்டங்களில் கலெக்டர். சொத்து போதாது என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதே மாதிரி, சொத்து நிறைய இருக்கிறது என்பது மட்டும் காரணமாகவும் எடுபடாது. 'பாதுகாப்புக்காக' என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். ராத்திரி எத்தனை மணிக்குக் கடை பூட்டுகிறீர்கள், எந்த வழியாகப் பணம் போகிறது, மிரட்டல் வந்ததா, வந்திருந்தால் எஃப்ஐஆர் நகல், இதையெல்லாம் சேருங்கள். மறுத்தால் உத்தரவை எழுத்தில் வாங்கி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கிடைத்தால் 5 வருஷத்துக்கு, ஒருவருக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கி.

கேள்வி: நான் மதுரை, வயது 19, குறிபார்த்துச் சுடுவதுதான் ஆசை. ஒரே துப்பாக்கியைப் பயிற்சிக்கும் பிற்பாடு தற்காப்புக்கும் வைத்துக்கொள்ள முடியாதா?

பதில்: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குட்டைப் பேரல் .32-ஐ வைத்து 25 மீட்டரில் போட்டி சுட முடியாது. தோட்டா விலையைக் கேட்டால் தலை சுற்றும், அதோடு வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். பயிற்சிக்கு ஏர் பிஸ்டல்தான். குண்டு .177 அங்குல அளவுக்குள், சுடும் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் 2024 பாரிஸில் வெண்கலம் வாங்கினார்களே, அது 10 மீட்டர் ஏர் பிஸ்டல்தான். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. ட்ரிகர் 500 கிராம் இழுவைக்குக் குறையக் கூடாது.

எடுத்த எடுப்பில் ஸ்டெய்ர், மோரினி மாதிரி வெளிநாட்டு ஏர் பிஸ்டல் என்று லட்சங்களைக் கொட்டாதீர்கள். கிளப் துப்பாக்கியில் ஆறு மாதம் சுட்ட பிறகு உங்கள் கைக்கு எந்த அளவு மரப்பிடி என்று தெரியும். குறியில் இருந்து கண்ணை எடுக்காமல் ட்ரிகரை நேராகப் பின்னால் இழுக்கும் பழக்கம் வந்துவிட்டால், பிற்பாடு .32 எடுத்தாலும் அதே விரல்தானே வேலை செய்யப் போகிறது. லைசென்ஸ் வாங்கிய வியாபாரிகளுக்கும் இதையே சொல்வேன், பலர் கேட்பதில்லை.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். அவருடைய .32 ரிவால்வர் பீரோவில் இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: இன்றைக்கே ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அங்கேயோ டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அவர் லைசென்ஸ் அவரோடு முடிந்துவிட்டது. வாரிசாக உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனு போடலாம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். இதைப் படிக்கும் பெரியவர்களுக்கு: 70 வயது ஆனவர்களும் 25 வருஷம் துப்பாக்கி வைத்திருந்தவர்களும் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம்.

கேள்வி: திருடன் வீட்டுக்குள் வந்துவிட்டால் சுடலாமா?

பதில்: தற்காப்பு உரிமை, பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பதுதான் அதன் சாரம். சுவரேறி ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொன்னால் எடுபடுவது கடினம். குடும்பத்தோடு ஒரு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, 112-க்கு அடித்துவிட்டு, கதவை உடைத்து வந்தால் மட்டும் என்று மனதுக்குள் முன்னாலேயே தீர்மானித்து வையுங்கள். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கும் 2 வருஷம் வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

கேள்வி: மனைவி இரவுப் பணிக்குப் போகிறார். நிர்பீக் வாங்கித் தரலாமா?

பதில்: பெப்பர் ஸ்ப்ரே வாங்கிக் கொடுங்கள். லைசென்ஸ் வேண்டாம், கைப்பையில் போகும்.

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன் அண்ணா, இங்கே?

பதில்: 2022 அக்டோபர் 21 முதல் கனடாவில் தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் முடக்கம். ஒலிம்பிக் பிரிவுப் போட்டியாளர்கள் மாதிரிச் சிலருக்குத்தான் விலக்கு. ஏர் பிஸ்டலோடு கிளப்பில் சேருங்கள்.

கேள்வி: தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். திரும்பி வரும்போது துருப்பிடித்து வருகிறதே?

பதில்: ஆமாம், எனக்கும் வந்தது. கொடுப்பதற்கு முந்தின நாள் பேரலைத் துடைத்து, உள்ளேயும் வெளியேயும் மெல்லிசாகத் துப்பாக்கி எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், காய்ந்து பிசுபிசுக்கும். தோல் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுங்கள். தோட்டாக்களை எண்ணி, துப்பாக்கி எண்ணோடு ரசீதில் எழுதி வாங்குங்கள். தேர்தல் முடிந்ததும் அவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே போய்க் கேளுங்கள்.