கொட்டில் கூரை காற்றில் கிளம்பாமல் இருக்க: கேள்வி பதில்

கேள்வி: ஆட்டுக் கொட்டிலுக்கு நெளிவுத் தகடு போட்டு ஆணி அடித்தேன். ஒரே மழைக்காலத்தில் ஆணிகள் மேலே கிளம்பிவிட்டன. இன்னும் நீளமான ஆணி அடிக்கலாமா?

பதில்: கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். கூரை கீழே விழாமல் இருந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தகடு எடை குறைந்தது. அது மேலே போகாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை. திறந்த முன்பக்கம் வழியே புகுந்த காற்று போக வழியின்றித் தகட்டைக் கீழிருந்து தள்ளுகிறது. மேலே ஓடும் காற்று அதை இழுக்கிறது. மரமோ ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்குகிறது. வழுவழுப்பான ஆணி மயிரிழை மயிரிழையாக வெளியே வந்துவிடும். ரப்பர் வாஷர் உள்ள ஸ்குரூவுக்கு மாறுங்கள். அதன் புரி மரத்தைக் கவ்விக்கொள்ளும். புதிய இடத்தில் முடுக்கிவிட்டு, பழைய துளைகளை சீலன்ட் வைத்து அடையுங்கள்.

கேள்வி: ஸ்குரூ போடுவது மேட்டிலா, பள்ளத்திலா?

பதில்: நெளிவுத் தகட்டுக்கு மேட்டில். மழைநீர் ஓடுவது பள்ளத்தில்தானே! முடுக்கும்போது வாஷரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ரப்பர் லேசாகப் பிதுங்கி, சுற்றிலும் ஒரு மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்று சுற்றினாலும் மேடு நசுங்கும், ரப்பர் வெடிக்கும். விளிம்புகளில் ஸ்குரூக்களை நெருக்கமாகப் போடுங்கள். காற்று முதலில் பிடிப்பது ஓரத்தைத்தான்.

கேள்வி: இரண்டு தகடுகளை எப்படி இணைப்பது?

பதில்: பக்கவாட்டில் ஒன்றரை நெளிவு ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். காற்று அதிகம் வரும் திசைக்கு எதிர்முனையில் முதல் தகட்டை வைத்துத் தொடங்கினால், இணைப்பின் வாய்க்குள் காற்றும் சாரலும் புகாது.

கேள்வி: ஸ்குரூ முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பரவாயில்லையா?

பதில்: தயவுசெய்து அப்படியே விடாதீர்கள். ஆடு பின்னங்கால்களில் நின்று எட்டிப் பார்க்கும். கோழி விருட்டென்று மேலே பறக்கும். காது கிழிந்து ரத்தம் வடிய நின்ற ஓர் ஆட்டுக்குட்டியைப் பார்த்த நாள் முதல், வேலை முடிந்ததும் கூரையின் உட்புறம் முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்காமல் நான் வெளியே வருவதில்லை. தகட்டின் மேட்டு உயரத்தையும் தகட்டைத் தாங்கும் மரச்சட்டத்தின் (ரீப்பரின்) கனத்தையும் கூட்டி, அதைவிடச் சற்றுக் குறைந்த நீளத்தில் ஸ்குரூ வாங்குங்கள். ஏற்கெனவே நீட்டியிருப்பவற்றை அரத்தால் ராவி மழுக்கிவிடலாம், அல்லது அவற்றின்மேல் மெல்லிய பலகைத் துண்டு அடித்து மூடலாம்.

கேள்வி: ஓட்டை எதுவும் இல்லை. ஆனாலும் விடியற்காலையில் உள்ளே சொட்டுகிறது.

பதில்: அது மழைநீர் அல்ல. விலங்குகளின் மூச்சிலும் சிறுநீரிலும் உள்ள ஈரம் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகிறது. கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரின் உச்சியில் காற்றுப் போக்கு விடுங்கள். அங்கே சாக்கைத் திணித்து அடைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கூரை பிய்ந்துபோகவில்லை, கொட்டிலே கவிழ்ந்துவிட்டது!

பதில்: கூரையை நன்றாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். பிடிமானம் மண்வரை இறங்கவில்லை. ரீப்பரை அதைத் தாங்கும் கைமரத்தோடும், கைமரத்தைத் தூணோடும் இரும்புப் பட்டையால் இணையுங்கள். தூணை ஆழக் குழி எடுத்து நடுங்கள். பிறகு கூரை ஓரத்தைப் பிடித்து உங்கள் முழு பலத்தோடு மேலே தூக்கிப் பாருங்கள். ஏதாவது அசைந்தால், ஆட்டை உள்ளே கட்டுவதற்கு முன் அந்த இடத்தைச் சரிசெய்துவிடுங்கள்.