ஊதா நிற ரத்தம் என் மனைவிக்குக் கிடைக்குமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 41. கர்ப்பப்பையில் நார்க்கட்டி. ஒவ்வொரு மாதமும் ரத்தப்போக்கு அதிகம். ஹீமோகுளோபின் 8.2தான். ஆபரேஷன் செய்ய வேண்டும், இரண்டு யூனிட் ரத்தம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்கிறார் டாக்டர். அவள் ஓ நெகட்டிவ். அலைந்தும் கிடைக்கவில்லை. எந்த வகைக்கும் ஏற்றக்கூடிய ஊதா நிற ரத்தத்தை ஜப்பானில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அது இங்கே கிடைக்குமா? அதுவரை ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கிடைக்காது. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் உங்களுக்கு வந்த செய்தி முழுப் புரளியும் இல்லை.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். செயற்கை ரத்தத்துக்கு அதை மட்டும் எடுத்து ஏற்றினால் போதாதா என்றால், போதாது. சிவப்பணுவுக்குள் இருக்கும்வரை அது சாது. வெளியே வந்தால் ஆளே மாறிவிடும். நான்கு துண்டுகள் சேர்ந்த அந்தப் புரதம் இரண்டிரண்டாகப் பிரிந்து, சிறுநீரகத்தின் சல்லடை வழியே நழுவி, போகிற வழியில் அதைப் பழுதாக்கும். வகை மாறி ரத்தம் ஏற்றப்பட்டு சிவப்பணுக்கள் உடைந்த நோயாளியின் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை ஒருமுறை பார்த்தால் மறக்காது. பால் விடாத காபி நிறத்தில் இருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. ரத்தக் குழாய்களைத் தளர்வாக வைத்திருப்பது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. வெளியே திரியும் ஹீமோகுளோபின் அதை விழுங்கிவிடும். குழாய் இறுகும், பிரஷர் ஏறும், இதயம் திணறும்.

துண்டுகள் பிரியாமல் ரசாயனத்தால் கட்டிப்போட்டால் போதும் என்று முதலில் நினைத்தார்கள். அப்படி வந்த 'ஹெம்அசிஸ்ட்' என்ற மருந்தை அமெரிக்காவில் விபத்தில் அடிபட்டு ரத்தம் இழந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்ற 52 பேரில் 24 பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். வெறும் சலைன் பெற்ற 46 பேரில் இறந்தவர்கள் 8 பேர். 1998இல் சோதனையை நிறுத்திவிட்டார்கள். மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த 'ஹீமோப்யூர்' 2001இல் தென்னாப்பிரிக்காவில் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவே இல்லை.

சரி, இயற்கை ஏன் ஹீமோகுளோபினைச் சிவப்பணு என்ற பையில் போட்டு வைத்திருக்கிறது என்று யோசித்தவர் தாமஸ் சாங். 1957இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, விடுதி அறையையே ஆய்வகமாக்கிக்கொண்டு, கொலோடியன் என்ற பொருளால் ஆன மெல்லிய சவ்வுக்குள் ஹீமோகுளோபினை அடைத்தார். ஆக்சிஜன் போய்வர முடியும், புரதம் வெளியே வர முடியாது. யோசனை அருமை. ஆனால் உடம்புக்குள் விட்டதும் ஈரலும் மண்ணீரலும் அந்தக் குமிழிகளைக் குப்பை என்று நினைத்து வாரி எடுத்துவிட்டன. அடுத்த பல வருடங்கள் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே போயின.

உங்கள் ஊதா ரத்தம் இந்த வழியில் வந்ததுதான். ஜப்பானின் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஹிரோமி சகாய் குழு, காலாவதியான தான ரத்தத்திலிருந்து ஹீமோகுளோபினைப் பிரித்து, கொழுப்புச் சவ்வுக்குள் வைத்து, ஈரல் சட்டென்று பிடித்துவிடாதபடி மேலே ஒரு பூச்சும் கொடுத்திருக்கிறது. ஒரு குமிழி சிவப்பணுவில் முப்பதில் ஒரு பங்கு அளவு. மேற்பரப்பில் ரத்த வகை அடையாளம் எதுவும் இல்லாததால் யாருக்கும் ஏற்றலாம். ஆக்சிஜனை நீக்கிச் சேமிப்பதால்தான் அந்த ஊதா நிறம். அப்படியே சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு வருடம் வைக்கலாமாம். நம் ரத்த வங்கிப் பை ஃபிரிட்ஜிலேயே 42 நாள் தாண்டாது.

ஆனால் 2022இல் வெளியான முதல் மனிதச் சோதனையில் பங்கேற்றவர்கள் ஆரோக்கியமான ஆண்கள் 12 பேர்தான். அதிகபட்ச அளவு 100 மில்லி, அதாவது அரை டம்ளர். சிலருக்கு லேசான காய்ச்சலும் தடிப்பும் வந்து தானாகப் போயின. சிவப்பணு 120 நாள் வாழும். இந்தக் குமிழிகள் தாங்குவது அதிகம் போனால் சில நாள். ஆம்புலன்சில் உயிரைப் பிடித்து வைக்க இது நாளை உதவலாம். உங்கள் மனைவியின் சோகைக்கு இது மருந்தல்ல.

அவருக்கு என்ன செய்யலாம்? அவசர ஆபரேஷன் இல்லையென்றால் முதலில் ஹீமோகுளோபினை ஏற்றுங்கள். உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் இரும்புச்சத்து தரைதட்டியிருக்கும். நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினால் மூன்று நான்கு வாரத்தில் நல்ல மாற்றம் தெரியும். இடையில் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த மாத்திரைகள் இருக்கின்றன, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டிவிட்டால் அந்த இரண்டு யூனிட் தேவைப்படாமலே போகலாம். ஆனாலும் ரத்த வங்கியில் இப்போதே எழுதி வையுங்கள். நம் நாட்டில் ஆர்எச் நெகட்டிவ் நூறில் ஐந்து பேர் அளவுதான். அவருடைய கூடப்பிறந்தவர்களின் ரத்த வகையையும் பாருங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் வீட்டுக்குள்ளேயே ஒரு ஓ நெகட்டிவ் இருக்கும். ஆனால் அவர்கள் ரத்த வங்கியில் கொடுத்து மாற்றாகப் பெறுவதே நல்லது, நேரடியாக ஏற்ற வேண்டாம்.

படபடப்பு, நடந்தாலே மூச்சு வாங்குவது, மயக்கம் என்று வந்தால் இந்த வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரையாக இரும்புச்சத்து கொடுத்தால் காபி, டீ, பாலோடு சேர்க்காமல் சாப்பிடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயந்து பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம்.