வாசகர் கேள்வி: "செடி கொடி படிச்சு என்ன ஆகப்போறே?"

கேள்வி: மகளுக்கு பி.எஸ்ஸி. தாவரவியலில் இடம் கிடைத்திருக்கிறது, அவளும் ஆசையாகத்தான் இருக்கிறாள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள்தான் "செடி கொடி படிச்சு என்ன ஆகப்போறா" என்று கேட்டுவிட்டு, காபியையும் குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் படிப்பில் பெயர் எடுத்தவர் என்று யாரையாவது சொல்லுங்களேன்.
— ஒரு தாய், சிதம்பரம்

பதில்: சிதம்பரத்திலிருந்து கேட்டு என் வேலையைச் சுலபமாக்கிவிட்டீர்கள் அம்மா. பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. அந்தச் சேற்றில் பாதி ஆராய்ச்சி வாழ்க்கையைக் கட்டிக்கொண்ட ஒருவரைச் சொல்கிறேன், அஜய் பரிதா.

ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் பிறந்தவர், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1990-ல் வந்த அவருடைய ஆரம்பக் கட்டுரை ஒன்று உளுந்து, பாசிப்பயறு, காராமணி வகையறா செடிகளில் டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது, இனத்துக்கு இனம் எப்படிக் கூடிக் குறைகிறது என்பதைப் பற்றியது. கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தார், வழி மாறியது. கடல் மட்டம் ஏறினால் கரையோர வயல்களில் உப்பு ஏறும், உப்பிலேயே வாழ்கிற மரத்திடம் அதற்கு ஏதாவது பாடம் இருக்குமா என்பது சுவாமிநாதனின் கேள்வி. உப்பிலேயே வாழ்கிற மரம் என்றால் நம் கடலோரத்தில் அலையாத்திதான்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது, வேலையில் இறங்கினால்தான் தெரியும். நானும் ஒரு காலத்தில் ஆய்வகத்தில் அலையாத்தி இலையிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முயன்றவன். நெல் இலை என்றால் ஒரு மதியத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகச் சுருண்டு வந்துவிடும். அலையாத்தியில் துவர்ப்புச் சத்து அதிகம், இலையை அரைத்த நிமிஷமே கருக்க ஆரம்பிக்கும், குழாயின் அடியில் வந்து நிற்பது ஆறிப்போன டீ வண்டல் நிறத்தில் இருக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மூன்று வாரம் நான் வண்டலாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம் வேறு செடிக்கு மாறிவிட்டேன். பரிதாவின் குழு மாறவில்லை, அதுதான் வித்தியாசம்.

அந்தப் பொறுமைக்குக் கிடைத்ததில் எனக்குப் பிடித்தது ஒரு வாரிசுக் கதை. பிச்சாவரக் காட்டின் இன்னொரு மரமான சுரபுன்னையில் இரண்டு இனம் உண்டு, முருங்கைக்காய் மாதிரி விதைநாற்று தொங்குமே, அந்த மரம்தான். இரண்டுக்கும் நடுவில் இதுவும் இல்லாமல் அதுவும் இல்லாமல், காய் பிடிப்பதே அரிதாகச் சில மரங்கள் நின்றன. பரங்கிப்பேட்டை கடல்வாழ் உயிரியல் மையத்தில் இருந்த பேராசிரியர் கதிரேசன் 1995-ல் அதற்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்தார், ரைசோபோரா அண்ணாமலையானா. சரி, இது உண்மையிலேயே அந்த இரண்டுக்கும் பிறந்த கலப்புதானா? பரிதாவின் குழு டி.என்.ஏ. பட்டைகளை, அதாவது ஆய்வகத்தில் கோடு கோடாகப் பிரிந்து தெரியும் டி.என்.ஏ. துண்டுகளை, அருகருகே வைத்துப் பார்த்தது. இரண்டு இனங்களின் பட்டைகளும் இந்த மரத்தில் சேர்ந்தே இருந்தால் சந்தேகம் தீர்ந்தது, அப்படித்தான் இருந்தன. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. பெரும்பாலும் தாய் வழியாக மட்டுமே வரும் என்பதால், எது அம்மா எது அப்பா என்றுகூட அதை வைத்துத் தேட முடியும். நீதிமன்றத்தில் நடக்கிற அதே சோதனை, இங்கே மரத்துக்கு. கட்டுரை 1997-ல் வந்தது, முதல் பெயர் மாடசாமி பரணி.

அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2021-ல் அலையாத்தியின் முழு மரபணுத் தொகுப்பையும், 31 குரோமோசோமாக, ஏறக்குறைய 46 கோடி எழுத்துகளைப் படித்து வெளியிட்ட குழுவிலும் பரணி இருந்தார், அப்போது காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் பேராசிரியராக. அந்த முறை உடன் நின்றது புவனேஸ்வரின் உயிர் அறிவியல் நிறுவனம், பரிதா அப்போது அதன் இயக்குநர். அலையாத்திக் காட்டு மரங்களோடு இருபத்து நாலு வருஷம்! 2014-ல் பரிதாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 ஜூலையில் கௌகாத்தி போன இடத்தில் காலமானார், அறுபதுகூட ஆகவில்லை.

சொந்தக்காரர்கள் அடுத்த முறை வந்தால் இவ்வளவும் சொல்ல வேண்டாம், பத்மஸ்ரீயை மட்டும் சொல்லுங்கள், போதும். மகளிடம் மட்டும் அந்த டீ வண்டலையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அலையாத்தி மரபணுவை நெல்லில் வைத்துவிட்டார்கள் என்று பத்து வருஷத்துக்கு முன்னாலேயே பேப்பரில் படித்தேன். என் வயலில் உப்பு பூத்துக் கிடக்கிறது. அந்த நெல் எங்கே?
— ஒரு விவசாயி, வேதாரண்யம் பக்கம்

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. பேப்பரில் வந்ததும் பொய் இல்லை.

ஓர் அலையாத்தி இலையைத் திருப்பிப் பாருங்கள், வெயில் ஏறிய நேரத்தில். சர்க்கரை தூவின மாதிரி மினுமினுக்கும், நாக்கில் வைத்தால் சுத்த உப்பு. உப்பில் பெரும்பகுதியை வேரே வடிகட்டி வெளியில் நிறுத்திவிடுகிறது, மிஞ்சி உள்ளே வந்ததை இலை கக்கிவிடுகிறது. இது போக, உப்பு ஏறினால் செல்லுக்குள் கெட்ட வகை ஆக்சிஜன் பெருகி எல்லாவற்றையும் அரிக்கும், அதை அடக்க ஒரு நொதி உண்டு. பரிதா குழு அந்த நொதிக்கான அலையாத்தி மரபணுவை எடுத்து பூசா பாசுமதி 1 நெல்லில் வைத்து, உப்பைத் தாங்குகிறது என்று 2008-ல் காட்டியது. காட்டியது ஆய்வகத்திலும் தொட்டியிலும்தான்.

தொட்டிக்கும் உங்கள் வயலுக்கும் நடுவில் இரண்டு பெரிய பள்ளங்கள். முதலாவது, உப்பைத் தாங்குவது ஒரு மரபணுவின் வேலை இல்லை. வேர், இலை, நொதி என்று ஊரே கூடித் தேர் இழுக்கிற சமாச்சாரம், ஒருத்தரை மட்டும் கூட்டிவந்து நெல்லில் நிறுத்தினால் கொஞ்ச தூரம்தான் நகரும். இரண்டாவது, அனுமதி. மரபணு மாற்றுப் பயிர் என்று நம் நாட்டு உழவர்கள் வணிகமாகப் பயிரிடுவது இன்றுவரை பி.டி. பருத்தி மட்டும்தான். உணவுப் பயிர் என்றால் வாதம் இன்னும் சூடு, அந்த எச்சரிக்கை முழுக்கத் தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன்.

அதுவரை உங்களுக்குப் பயன்படுவது பழைய நெல்தான். உங்கள் பக்கத்திலேயே குழியடிச்சான் உப்பு நிலத்துக்குப் பேர் போனது. கேரளத்தில் பொக்காளி இருக்கிறது, உலகம் முழுக்க உப்புத் தாங்கும் நெல் உருவாக்குகிறவர்கள் இன்றைக்கும் பொக்காளியின் முதல் குரோமோசோமில் இருக்கும் ஒரு பகுதியைத்தான் சாதாரண ஒட்டுமுறையில் வேறு ரகங்களுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மண்ணைப் பரிசோதித்துவிட்டு ரகத்தை முடிவு செய்யுங்கள், உவர் வேறு களர் வேறு, ரெண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

கேள்வி: எங்கள் கல்லூரியிலிருந்து போய் ஆயிரம் அலையாத்திக் கன்று நட்டோம். போட்டோ எல்லாம் நன்றாக வந்தது. அடுத்த வருஷம் போனால் ஒன்றுகூட இல்லை. என்ன தப்பு?
— ஒரு மாணவர், கடலூர்

பதில்: தம்பி, கன்று மேல் தப்பு இல்லை, தண்ணீர் வந்து போகிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

பிச்சாவரத்திலும் இதே கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில் காட்டைப் பட்டை பட்டையாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போன நிலம் வெயிலில் காய்ந்து இறுகி, தாம்பாளம் மாதிரி நடுவில் குழிந்துவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் அலையாத்திக்கே அந்த உப்பு தாங்காது. ஆனால் ஆடு மாடு மேய்ந்துதான் காடு அழிந்தது, ஊர்க்காரர்கள்தான் வெட்டினார்கள் என்று பழி போனதோ பக்கத்து ஊர்களின் மேல்.

சுவாமிநாதன் நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து ஆட்களும் சேர்ந்து தொண்ணூறுகளில் செய்தது மண்வெட்டி வேலை. கழிமுகத்திலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து சாய்வாக இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் போட்ட மாதிரி. தண்ணீர் வரவும் போகவும் ஆரம்பித்ததும் உப்பு குறைந்தது, வாய்க்கால் சரிவில் நட்டது பிழைத்தது. தூர் வாராமல் விட்டால் பழைய கதைதான்.

அதே நிறுவனம்தான் அந்தப் பக்கம் மரபணுவும் படித்தது என்பதைக் கவனியுங்கள். பட்டுப்போன காடு திரும்பி வந்தது வாய்க்காலால், இதைச் சொன்னால் மரபணு நண்பர்கள் என்னை முறைப்பார்கள்.

கேள்வி: சுனாமியை பிச்சாவரம் தடுத்தது உண்மையா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: கடலூர் மாவட்டக் கடற்கரையில் செய்த ஆய்வு ஒன்று 2005-ல் ஆமாம் என்றது: மரங்கள் அடர்ந்த இடத்துக்குப் பின்னால் சேதம் குறைவு. அடுத்த வருஷமே வேறு சிலர் மறுத்தார்கள், அந்த ஊர்கள் மேட்டிலும் கரைக்குத் தள்ளியும் இருந்ததால்தான் பிழைத்தன என்று. மரம் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும், ஆனால் அதை நம்பிக் கரையில் வீடு கட்டாதீர்கள் என்பது என் கட்சி.

கேள்வி: தில்லை நடராஜர் கோயில் தில்லைக்கும் பிச்சாவரத்துக்கும் என்ன தொடர்பு?
— வாசகி, மயிலாடுதுறை

பதில்: மரம்தான். தில்லையும் அலையாத்திக் காட்டு மரம், கோயிலின் தலமரம் அதுவே. சிதம்பரத்துக்குப் பழைய பேர் வாங்கிக் கொடுத்த மரத்தைக் காடாகப் பார்க்க இப்போது பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். உதிர்வதற்கு முன் இலை சிவக்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். படகில் போகும்போது கிளையை மட்டும் ஒடித்துவிடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.