படமாக ஏற்றிய விண்ணப்பம்

கேள்வி: திருவாரூர் மாவட்டக் கிராமங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் எங்கள் அறக்கட்டளையின் இணையதளத்தில் உள்ள உதவி விண்ணப்பத்தைத் தம்மால் படிக்கவே இயலவில்லை என்று பார்வையற்ற ஒருவர் வருந்தினார். எதைத் திருத்த வேண்டும்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து படமாக ஏற்றியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எழுத்தைத்தான் உரக்கப் படிக்கும்; படத்துக்குள் பதிந்த எழுத்து அதற்கு வெறும் படமே. ஆகவே விண்ணப்பத்தை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்து, பக்கத்திலேயே நிரப்பும்படி அமைத்து, 'பெயர்', 'ஊர்' முதலிய குறிப்புகளை அந்தந்தக் கட்டத்தோடு நிரலிலேயே இணைக்கச் சொல்லுங்கள். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஒலிகளாகவே படிக்கும் என்பதால், அவற்றையும் மாற்றியாக வேண்டும்.

இதைச் சிறு குறையாக நான் கருதவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளில் நிவாரண முகாமின் முகவரி படமாக மட்டும் வெளியானால், பார்வையற்றவர் அதை அறிய இன்னொருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டு விகிதம் (contrast ratio) குறைந்தது 4.5-க்கு 1 இருக்கட்டும். காணொளிகளுக்கு வசனவரி தேவை. சுட்டியை (மவுஸ்) பிடிக்க இயலாதவர்களுக்காக, விசைப்பலகையால் மட்டுமே முழு விண்ணப்பத்தையும் நிரப்ப முடிகிறதா என்று பாருங்கள்.

என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் விண்டோஸ் கணினிகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. திருத்தியபின், உங்களிடம் முறையிட்ட அந்த நண்பரையே அழைத்து, உரிய ஊதியம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.