கேள்வி – பதில்: நடுவில் 666 உள்ள பகா எண்

கேள்வி: 1, பிறகு 13 பூஜ்யம், நடுவில் 666, மறுபடி 13 பூஜ்யம், கடைசியில் 1. திருப்பிப் படித்தாலும் மாறாத இந்த 31 இலக்க விகடகவி எண் பகா எண்ணாமே? கால்குலேட்டரில் அடங்காததை எப்படி நம்புவது?

பதில்: அமெரிக்கப் பொறியாளர் ஹார்வி டப்னர் கண்டெடுத்த எண் இது. பெல்ஃபெகோர் என்று பேயின் பெயரை வைத்தவர் அறிவியல் எழுத்தாளர் கிளிஃபோர்ட் பிக்ஓவர். 666, 13 இரண்டும் மேலைநாட்டில் அபசகுனம், அவ்வளவுதான். அதைவிட ரசமான விஷயம், நிரூபணத்தில் பாதி காகிதத்திலேயே முடிந்துவிடும் என்பது.

எண்ணை ப என்று வையுங்கள். 1-ஐக் கழித்தால் 10¹⁴ பொதுக் காரணியாக வெளியே வரும்: ப − 1 = 10¹⁴ × (10¹⁶ + 666). அடைப்புக்குள்ளிருந்து ஒரு 2-ஐயும் எடுத்தால் ப − 1 = க × (5×10¹⁵ + 333). இங்கே க = 2×10¹⁴; அதன் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமே.

இனி, ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கும் போக்லிங்டன் சோதனை. க-வின் பகாக் காரணிகளான 2, 5 இரண்டுக்கும் தனித்தனியே இது தேற வேண்டும். 3-ஐ (ப−1)/2 அடுக்குக்கு உயர்த்தி ப-ஆல் வகுத்தால் மீதி ப−1. எனவே 2-க்குச் சரி. 5-க்கு ஓர் அடிமானம் (3 போல, அடுக்குக்கு உயர்த்தும் எண்) வேண்டும்: அதன் (ப−1) அடுக்கு மீதி 1 தர வேண்டும், (ப−1)/5 அடுக்கில் வரும் மீதியில் 1 கழித்தால், அதற்கும் ப-வுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 1 ஆக வேண்டும். 3 ஒத்துவராவிட்டால் வேறு அடிமானம் எடுக்கலாம். இரண்டும் தேறினால், ப-வின் எந்தப் பகாக் காரணியும் 'க-வின் மடங்கு + 1' வடிவில்தான் இருக்கும்.

க, ப-வின் வர்க்கமூலத்தைவிடப் பெரிதென்றால் இங்கேயே முடிந்திருக்கும். மூலம் சுமார் 10¹⁵. க அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனாலும் தப்பிக்க வழியில்லை. ஒவ்வொரு காரணியும் க-வைவிடப் பெரிது; மூன்று காரணிகள் என்றால் பெருக்கல் 8×10⁴²-ஐத் தாண்டிவிடும். இரண்டு என்றால் ப = (சக+1)(தக+1); ச, த இரண்டும் 1 அல்லது அதற்கு மேற்பட்ட முழு எண்கள். விரித்து 1-ஐ நீக்கி க-ஆல் வகுத்தால்:

ச×த×க + ச + த = 25க + 333

ச×த 25-ஐத் தாண்டாது. ஆகவே ச + த அதிகபட்சம் 26. இடப்பக்கத்தை க-ஆல் வகுத்தால் மீதி ச + த, வலப்பக்கத்தில் 333. ஒட்டவே ஒட்டாது. ப பகா எண்.

கேள்வி: எக்செல்லில் அடித்தேன், 2-ஆல் வகுபடுகிறதே?

பதில்: எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். முதல் 1, 13 பூஜ்யம், ஒரே ஒரு 6. மீதி எல்லாம் பூஜ்யமாகிவிட்டது. நீங்கள் சோதித்தது வேறு எண். பைத்தான் நிரல்மொழியில் முழு எண்ணுக்கு இந்த வரம்பு இல்லை. மேலே சொன்ன மீதிகளைக் காண, பவ் (pow) சார்பில் அடிமானம், அடுக்கு, வகுக்கும் எண் என மூன்றையும் கொடுங்கள். சுமார் 100 முறை வர்க்கப்படுத்துவதில் முடியும். (ப−1)-ஐ 2-ஆல் வகுக்க இரட்டைச் சாய்கோடு (//) போடுங்கள். ஒற்றைக்கோடு தசம எண்ணாக்கிவிடும், பவ் பிழை காட்டும்.

கேள்வி: நான்கு இலக்க விகடகவி பகா எண் ஏன் இல்லை?

பதில்: 7887 போன்றவற்றில் வெளி இலக்கம் அ, உள் இலக்கம் ஆ என்றால் மதிப்பு 1001அ + 110ஆ = 11 × (91அ + 10ஆ). இலக்க எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தாலே 11 உள்ளே உட்கார்ந்துவிடும். தப்பியது 11 மட்டும்தான்.