நேர்முகத் தேர்வுக்கு மன வரைபடம்: வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐபிபிஎஸ் நடத்தும், வங்கி அதிகாரி பணிக்கான முதன்மைத் தேர்வில் தேறியிருக்கிறேன். மன வரைபடம் போட்டுத் தயாராகுமாறு நண்பர்கள் சொல்கிறார்கள். தாளின் நடுவே 'நேர்முகத் தேர்வு' என்று எழுதி வட்டம் போட்ட பிறகு கை ஓடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
— வணிகவியல் பட்டதாரி, தஞ்சாவூர்

மன வரைபடம் என்பது நடுவில் உள்ள ஒரு சொல்லிலிருந்து தொடர்புடைய சொற்களைக் கிளைகளாகப் பிரித்து வரையும் படம். நடுவட்டத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். தேர்வுக் குழுவினர் கையில் இருப்பது உங்கள் விண்ணப்பம். அவர்கள் கேள்விகளை அதிலிருந்துதான் எடுப்பார்கள். ஆகவே பெயரிலிருந்து என் ஊர், என் படிப்பு, என் ஈடுபாடுகள், வங்கித் துறை, இந்தப் பணி என்று ஐந்து கிளைகள் பிரியட்டும். ஒவ்வொரு கிளையிலும் முழு வாக்கியம் எழுதாமல் ஓரிரு சொற்களை மட்டும் எழுத வேண்டும்.

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் உண்மையான வேலை கிளைகளுக்கு இடையே கோடு இழுப்பதில்தான் இருக்கிறது. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். 'தஞ்சாவூர்' என்ற கிளையில் பெரிய கோயிலும் தலையாட்டி பொம்மையும் தாமாகவே வந்துவிடும். அவற்றுக்குப் பக்கத்தில் 'குறுவை, சம்பா' என்று எழுதி, அதன் கீழே 'மேட்டூர் அணை திறப்பு, ஜூன் 12' என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வங்கித் துறைக் கிளைக்கு ஒரு கோடு இழுத்தால் 'பயிர்க்கடன்' வரும். அதிலிருந்து 1998-இல் அறிமுகமான கிசான் கடன் அட்டை வரும். அதைத் தொட்டு, உள்நாட்டு வணிக வங்கிகள் தம் கடனில் 40 விழுக்காட்டை வேளாண்மை, சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கும், அதற்குள் 18 விழுக்காட்டை வேளாண்மைக்கும் தர வேண்டும் என்ற விதி வரும். "காவிரியில் தண்ணீர் வராத ஆண்டில் உங்கள் ஊர் விவசாயி கடனை எப்படிக் கட்டுவார்?" என்று குழுவில் ஒருவர் கேட்டால், 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தையும், இயற்கைப் பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் குறுகிய காலப் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றியமைக்கும் வழியையும் நீங்கள் தயங்காமல் சொல்வீர்கள். இத்தகைய கேள்வியை எந்த வினாத் தொகுப்பிலும் தேட முடியாது. உங்கள் முந்தைய பதிலிலிருந்துதான் அது பிறக்கும்.

விண்ணப்பத்தில் நீங்கள் கொடுத்த வங்கிகளின் விருப்ப வரிசைக்கும் ஒரு சிறு கிளை வேண்டும். இந்தியன் வங்கியை முதலில் போட்டிருந்தால் 1907-இல் சென்னையில் தொடங்கப்பட்டதையும், 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி அதனுடன் இணைந்ததையும் குறியுங்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்றால், 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்த செய்தியைக் குறியுங்கள். இறுதித் தரவரிசையில் முதன்மைத் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் உள்ள விகிதம் 80:20. அந்த 20 பங்குதான் பலருக்கு வேலையை உறுதி செய்கிறது. அதற்கு இவ்வளவு உழைப்பு தகும்.

கேள்வி-பதில் எழுதி ஒரு முழு நோட்டை மனப்பாடம் செய்திருக்கிறேன். அதைவிட மன வரைபடம் சிறந்ததா?
— பொறியியல் பட்டதாரி, திருநெல்வேலி

நோட்டில் உள்ளது வீண் போகாது. ஆனால் மனப்பாடப் பதில், கேள்வியின் வாசகம் மாறினாலே தடுமாறிவிடும். "உங்கள் பலம் என்ன?" என்பதற்கு நெட்டுருச் செய்தவர், "உங்கள் பழைய மேலாளர் உங்களைப் பற்றி என்ன சொல்வார்?" என்று கேட்கும்போது விழிப்பார், இரண்டுக்கும் பதில் ஒன்றே என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றாது. வரைபடத்தில் அந்தப் பதில் ஒரு கிளையாக நிற்பதால், எந்தக் கேள்வியிலிருந்தும் அதற்கு வர முடியும்.

மன வரைபடத்தை விதந்து பேசுவோர் சொல்லாமல் விடும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து அழகாக வரையும் படம் நினைவுக்குப் பெரிதாக உதவுவதில்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்பிக்கி, பிளண்ட் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் வரைந்த மாணவர்களைவிட, பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களே பின்னர் நன்றாகப் பதிலளித்தனர். மன வரைபடம் கருத்து வரைபடத்துக்கு நெருங்கிய உறவு என்பதால், இந்த முடிவை நாம் பொருட்படுத்தத்தான் வேண்டும்.

ஆகவே முதல் வரைபடத்தை நோட்டைப் பார்த்தே வரையுங்கள், தவறில்லை. மறுநாள் அதை மடித்து வைத்துவிட்டு, வெற்றுத் தாளில் நினைவிலிருந்து மீண்டும் வரையுங்கள். பிறகு பழைய தாளைப் பிரித்து, விடுபட்டவற்றைச் சிவப்பு மையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு முறை, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மற்றொரு முறை வரையுங்கள். எந்தச் சொல் ஒவ்வொரு முறையும் சிவப்பிலேயே வருகிறதோ அதைத்தான் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். நூறு கேள்விகளையும் சம அளவில் புரட்டும் உழைப்பு இதனால் மிச்சமாகும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் வரைபடத்தின் எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்து, முன்னுக்குப் பின்னாகப் பேசிவிடுகிறேன். என்ன செய்வது?
— மென்பொருள் துறையில் வேலை தேடுபவர், மதுரை

வரைபடம் நாலாபுறமும் விரிவது. பேச்சோ ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செல்ல முடியும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வரைபடத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் அனைவருக்கும் இந்தச் சிக்கல் வரும். கிளைகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் இடுங்கள்: இப்போது செய்வது, அதற்கு அடிப்படையான படிப்பு, பெருமையாகச் சொல்லத்தக்க ஒரு பணி, இந்த நிறுவனத்தை நாடுவதற்கான காரணம். பிறந்த ஊரிலும் பள்ளியிலும் தொடங்க வேண்டியதில்லை. கைப்பேசியில் பதிவு செய்தபடி, ஒன்றரை நிமிடத்துக்குள் இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மற்ற கிளைகள் விட்டுப்போனால் போகட்டும். அவை அடுத்த கேள்விகளுக்கு உதவும்.

பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன். குழந்தைக்காக 2021-இல் வேலையை விட்டேன். இப்போது மீண்டும் விண்ணப்பிக்கிறேன். இந்த இடைவெளியை வரைபடத்தில் எங்கே வைப்பது? மறைக்கவும் மனமில்லை, பேசவும் கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, திருப்பூர்

மறைக்காதீர்கள், கூச்சப்படவும் தேவையில்லை. குழந்தையை வளர்க்க எடுத்துக்கொண்ட காலம் எந்த விதத்திலும் குறையன்று. அதற்கு ஒரு தனிக் கிளை கொடுத்து, காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள். நேரிலும் ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். தேர்வாளருடைய உண்மையான ஐயம் வேறு: "இடையில் மாறியவை இவருக்குத் தெரியுமா?" அந்தக் கிளையிலிருந்து 'நான் இல்லாதபோது மாறியவை' என்று ஓர் உட்கிளை பிரித்து அதை நிரப்புவதில் உங்கள் நேரத்தைச் செலவிடுங்கள்.

உங்கள் துறையில் அது நன்றாகவே நிரம்பும். மின்-விலைப்பட்டியல் (ஜிஎஸ்டிக்காக அரசு இணையதளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ்) 2021 ஏப்ரலில் 50 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமாக இருந்தது; 2023 ஆகஸ்டு முதல் அந்த வரம்பு 5 கோடியாகக் குறைந்ததால், திருப்பூரின் நடுத்தர நிறுவனங்கள் பலவும் அதற்குள் வந்துவிட்டன. 2023 ஏப்ரல் முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் அழிக்க முடியாதபடி பதிவு செய்ய வேண்டும். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். காலம் கடந்து தரும் தொகையைத் தந்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதி 2023-24 நிதியாண்டின் கணக்கிலிருந்து நடப்பில் இருக்கிறது. சாயப்பட்டறைக்கும் தையல் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் பில் பாஸ் செய்த உங்களுக்கு இதன் கனம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 விழுக்காட்டு அடுக்குகள் பெரும்பாலும் நீங்கி, 5, 18 என்று சுருங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் இரண்டைப் பற்றித் தெளிவாகப் பேசினாலே, இடைவெளி பற்றிய பேச்சு அங்கே முடிந்துவிடும்.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர் தொழிற்சாலை ஒன்றின் நேர்காணலுக்குப் போகிறேன். கல்லூரி புராஜெக்ட் பற்றிக் கேட்பார்கள் என்கிறார்கள். என்னால் இரண்டு வரிக்கு மேல் சொல்ல முடியவில்லை.
— டிப்ளமோ மாணவர், தர்மபுரி

புராஜெக்டுக்கு மட்டும் ஒரு தனி வரைபடம் போடுங்கள். சூழல், என் பொறுப்பு, நான் செய்தது, விளைவு என்று நான்கு கிளைகள் போதும். 'நாங்கள்' என்று எழுத வந்தால், அங்கே உங்கள் கை என்ன செய்தது என்று கேட்டுக்கொண்டு அதை எழுதுங்கள். லேத்தில் தண்டு கடைந்தது நீங்கள் என்றால் என்ன உலோகம், எந்த டூல், எவ்வளவு டாலரன்ஸ், எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று பிரித்துக்கொண்டே போங்கள். 'மைக்ரோமீட்டர்' என்று எழுதினால் பக்கத்திலேயே '0.01 மில்லிமீட்டர்' என்றும் எழுதுங்கள், "வெர்னியர் ஏன் போதவில்லை?" என்பதே அடுத்த கேள்வியாக இருக்கும், சாதாரண வெர்னியரின் மீச்சிற்றளவு, அதாவது அதனால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர் என்பது அதற்குப் பதிலாகும். கெட்டுப்போன பீஸ் பற்றியும் ஒரு கிளை வையுங்கள். அது ஏன் கெட்டது என்று விளக்கத் தெரிந்தவரை உற்பத்திப் பிரிவில் இருப்பவர்கள் விரும்புவார்கள்.

வண்ணப் பேனாக்கள் அவசியமா? எக்ஸ்மைண்ட் போன்ற செயலியில் வரையலாமா?
— வாசகர், சேலம்

அவசியமில்லை, வரையலாம். 1970-களில் இம்முறையைப் பரப்பிய இங்கிலாந்தின் டோனி பூசான் வண்ணத்தையும் படங்களையும் வலியுறுத்தினார். பிடித்திருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் நினைவிலிருந்து வரைந்து பார்க்கும் பயிற்சிக்குத் தாளும் ஒரே பேனாவும்தான் ஏற்றவை. செயலியில் நிறத்தையும் வடிவத்தையும் மாற்றுவதிலேயே மாலைப்பொழுது போய்விடும்.

நான் தமிழ்வழியில் படித்தவள். நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும். வரைபடத்தை எந்த மொழியில் போடுவது?
— வாசகி, விழுப்புரம்

தமிழிலேயே போடுங்கள். என்ன சொல்வது என்று யோசிப்பதும், அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தேடுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்போதுதான் நா எழாமல் போகிறது. முதல் வேலையைத் தமிழில் முடித்துவிட்டால் இரண்டாவது பாதியாகக் குறையும். பிறகு ஒவ்வொரு கிளைக்கும் தேவையான துறைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் பக்கத்தில் எழுதி, ஒரு கிளைக்கு இரண்டு எளிய ஆங்கில வாக்கியங்கள் வீதம் தினமும் உரக்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு ஒருவர் இருந்தால் மிக நல்லது; அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

வரைபடத்தை நேர்முக அறைக்குள் கொண்டுபோகலாமா?
— வாசகர், திருச்சி

கூடாது. இணையவழி நேர்காணலிலும் திரைக்கருகே ஒட்டி வைக்காதீர்கள். கண் அங்கே போவது எதிரில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். காத்திருக்கும் நேரத்தில் தாளைப் பார்ப்பதைவிட, கிளைகளை மட்டும் மனத்தில் ஒரு முறை வரிசையாக எண்ணிவிட்டு, சான்றிதழ்கள் சரியான வரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.