மலையேற்ற வேகமும் ரசிகரின் சந்தேகமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2024 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பிளாட்டோ டி பெய் மலையை, 1998-இல் மார்கோ பாந்தானி எடுத்துக்கொண்டதைவிட மூன்று நிமிடங்களுக்கும் மேல் குறைவான நேரத்தில் ததேய் போகச்சார் ஏறி முடித்தார். ஊக்கமருந்தில்லாமல் இது நடக்குமா?

பதில்: நடக்கலாம். நேரத்தை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்றோ தூய்மையானவர் என்றோ நிறுவ முடியாது. இன்றைய சைக்கிளும் டயரும் உடையும் காற்றின் தடையையும் சாலையின் உராய்வையும் வெகுவாகக் குறைத்துவிட்டன. வீரர்கள் ஓட்டத்தின் நடுவே மணிக்கு 100 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து உட்கொள்ளப் பழகியிருக்கிறார்கள். அன்றைய தினம் போகச்சாரின் போட்டியாளர் யோனாஸ் விங்ககோர் உச்சிக்கு ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் இருக்கும்போதே முந்திப் பாய்ந்ததால், வழக்கமாக ஒருவரையொருவர் நோட்டமிட்டு வீணாகும் நிமிடங்களும் மிச்சமாயின. போகச்சார்மீது ஊக்கமருந்து வழக்கு எதுவும் இல்லாத நிலையில் அவரைக் குற்றவாளி என்று எழுத என் கை வராது. ஆனாலும் உங்கள் கேள்வியைத் தவறென்று சொல்ல மாட்டேன். நாம் ஏமாற்றப்பட்டவர்கள், கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கேள்வி: இத்தனை சோதனைகள் இருந்தும் பாந்தானி காலத்தில் ஊக்கமருந்து எடுத்த வீரர்கள் எப்படித் தப்பினார்கள்?

பதில்: அவர்களில் பலர் எடுத்துக்கொண்ட இ.பி.ஓ. என்பது சிறுநீரகம் இயல்பாகவே சுரக்கும் ஹார்மோன். எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குவது அதன் வேலை. சிவப்பணு கூடினால் தசைக்குச் செல்லும் ஆக்சிஜனும் கூடும். ஆய்வகத்தில் தயாரித்த இ.பி.ஓ.வைக் கண்டறியும் சிறுநீர்ச் சோதனை 2000-ஆம் ஆண்டு வாக்கில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், 1997-இல், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் வீரரை ஓட்டத்திலிருந்து விலக்கிவைப்பது என்று சர்வதேசச் சைக்கிள் கூட்டமைப்பு விதி வகுத்தது. நல்ல நோக்கத்தோடு வந்த இந்த விதி, 50-க்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டால் கேட்பார் இல்லை என்ற நிலையையும் உண்டாக்கிவிட்டது. இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயமான ஜீரோ டி இத்தாலியாவில், 1999-இல், வெற்றிக்கு மிக அருகில் இருந்த பாந்தானி வெளியேற்றப்பட்டது இந்த விதியின் கீழ்தான்.

2008-இல் வந்த உயிரியல் பாஸ்போர்ட்தான், என் கணிப்பில், உண்மையான திருப்பம். அது மருந்தைத் தேடுவதில்லை. ஒரு வீரரின் ஹீமோகுளோபினையும் இளம் சிவப்பணுக்களின் அளவையும் ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து, அவருடைய ரத்தத்தை அவருடைய பழைய ரத்தத்தோடே ஒப்பிடுகிறது. மிகச் சிறு அளவுகளில் மருந்தெடுப்பவர் இதிலும் நழுவக்கூடும் என்றாலும், முன்போல் வரம்பின்றி ரத்தத்தை மாற்றிக்கொள்ள இனி இயலாது.

கேள்வி: ஊக்கமருந்துக்காக லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து பறித்த டூர் பட்டங்களை இரண்டாமிடம் வந்தவர்களுக்கு ஏன் வழங்கவில்லை?

பதில்: யாருக்கு வழங்குவது? 1999-இல் இரண்டாமிடம் பெற்ற அலெக்ஸ் சூலே, அதற்கு முந்தைய ஆண்டில் பெஸ்டினா அணி சிக்கிய ஊக்கமருந்து விவகாரத்தில் இ.பி.ஓ. எடுத்ததை ஒப்புக்கொண்டவர், மூன்று முறை இரண்டாமிடம் பெற்ற யான் உல்ரிக்கும், 2005-இல் அந்த இடத்தைப் பெற்ற இவான் பாஸோவும் ஸ்பெயினின் புவெர்ட்டோ ஊக்கமருந்து விசாரணையில் சிக்கியவர்கள். எனவே 1999 முதல் 2005 வரையிலான ஏழு ஆண்டுகளின் வெற்றியாளர் இடம் வெறுமையாகவே விடப்பட்டது. அந்த ஏழு கோடைகளிலும் மனமாரக் கைதட்டியவன் நான். அந்த வெறுமைதான் நேர்மையான பதிவு என்று இன்று கருதுகிறேன்.

ஆம்ஸ்ட்ராங்கை வீழ்த்தியது ஆய்வகம் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். 2012-இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை வெளியிட்ட அறிக்கையின் முதுகெலும்பு, அவருடைய முன்னாள் அணித்தோழர்கள் 11 பேர் அளித்த சாட்சியம்.

கேள்வி: சைக்கிளுக்குள் மோட்டார் வைத்து ஓட்டுவது உண்மையா?

பதில்: உண்மைதான், உலகப் போட்டியிலேயே உறுதியாகியிருக்கிறது. சேற்றிலும் கரடுமுரடான தடத்திலும் ஓட்டும் சைக்ளோகிராஸின் 2016 உலகப் போட்டியின்போது பெல்ஜிய வீராங்கனை பெம்கே வான் டென் ட்ரீஷுக்குரிய சைக்கிளில் மோட்டார் கண்டுபிடிக்கப்பட்டு, அவருக்கு ஆறாண்டுத் தடை விதிக்கப்பட்டது.

கேள்வி: எல்லோரும் எடுத்திருந்தால் போட்டி சமமாகத்தானே இருந்திருக்கும்?

பதில்: இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இயல்பிலேயே சிவப்பணு விழுக்காடு 47 உள்ளவர் 50-ஐ எட்டும்போது பெறும் பலனைவிட, 40 உள்ளவர் பெறும் பலன் மிக அதிகம். ஆகவே மருந்து எல்லோரையும் ஒரே அளவில் உயர்த்தவில்லை. தேர்ந்த மருத்துவரை அமர்த்தும் வசதியும் எல்லா அணிக்கும் ஒன்றாக இருந்ததில்லை. இவற்றைவிட முக்கியமானது, எல்லோரும் எடுத்தார்கள் என்பதே பொய். பெஸ்டினா அணியிலேயே மறுத்து நின்றவர் கிறிஸ்டோப் பாஸோன். 1999 டூரில் ஊக்கமருந்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதற்காகச் சக வீரர்கள் அவரை ஒதுக்கினார்கள். ஓட்டத்தின் நடுவே ஆம்ஸ்ட்ராங் அவரருகே வந்து, விளையாட்டை விட்டே போய்விடும்படி சொன்னார். பாஸோன் அந்த டூரைப் பாதியில் விட்டு வீடு திரும்பினார். ஆம்ஸ்ட்ராங் முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டையோடு பாரிஸை அடைந்தார்.